அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப் பொறுப்பாளர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



வழக்கமாக நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்தால் கையில் பதிவேடு இருக்கும். யார் சேமிப்பு கட்டவில்லை, எந்தக் குழு தணிக்கைக்குக் கணக்கு தரவில்லை என்று கேட்டு உங்களை ஒரு வழி பண்ணுவோம். இன்றைக்குப் பதிவேட்டை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இன்றைக்குப் பேசப்போவது எங்கள் வீட்டுக் கதை.

போன மாதம் ஒரு குழுவில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். ஒரு உறுப்பினர் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை. கடன் தவணையும் இரண்டு நின்றுவிட்டது. விதிப்படி அபராதம் போட்டார்கள். விசாரித்தால், அவருடைய அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். மருத்துவமனையில் துணைக்கு இருந்திருக்கிறார். 'விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்று பாதிப் பேர். 'மனுஷத்தன்மை வேணாமா' என்று பாதிப் பேர். பஞ்சாயத்து இங்கே வரைக்கும் வந்துவிட்டது. தலைவியம்மா எங்களைக் கூப்பிட்டு, 'உங்க வீட்ல இதைப் பார்த்தவங்க நீங்க, நீங்களே பேசுங்க' என்றார். அதனால்தான் நிற்கிறோம். தீர்மானம் என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். 2013-லிருந்து இந்த வேலையில் இருக்கிறோம். 'முப்பது வயசு தாண்டின எல்லாரும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், அஞ்சு நிமிஷ வேலை' என்று எத்தனை ஊரில் கூவியிருப்போம்! ஷேர் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். பயந்து திரும்பிப் போனவர்களை வீடு வரைக்கும் துரத்திப் போய்ப் பேசியிருக்கிறோம். ஆனால் எங்களைப் பெத்த அம்மாவை ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை. கேட்கவும் இல்லை. அவங்க வேறு வட்டாரம், நம்ம ஏரியா இல்லை என்று இருந்துவிட்டோமோ என்னவோ. சிரிக்காதீங்க. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

2022 பொங்கல் முடிந்த சமயம். எங்கள் அண்ணி போன் பண்ணினார். 'பாப்பா, அத்தை ராத்திரியில எழுந்து தனியா துணி துவைக்கிறாங்க. கேட்டா ஒண்ணும் இல்லேங்கிறாங்க. ஒரு நாள் நான் பார்த்துட்டேன், ரத்தம்.' அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. தீட்டு நின்று எட்டு வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் கிளம்பிப் போய்க் கேட்டோம். 'உடம்பு சூடும்மா, வெந்தயம் சாப்பிட்டா சரியாப் போயிடும்' என்றார். எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் சொன்னார்: போன ஆடியிலிருந்து. வெள்ளைப்படுவது அதற்கும் முன்னாலிருந்து, வாடையோடு. 'இந்த வயசுல இதைப்போய் டாக்டர்கிட்டக் காட்டுவாங்களா?'

சகோதரிகளே, இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தீட்டு நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு இல்லை. முகாம் எப்போது வரும் என்று காத்திருக்கவும் கூடாது. நேரே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எல்லாம் புற்றுநோயாக இருக்காது. ஆனால் பார்க்காமல் இல்லை என்று சொல்ல முடியாது. முகாம் பரிசோதனை என்பது ஒன்றும் தெரியாமல் நன்றாக இருக்கும்போதே செய்துகொள்வது. இந்த நோய் ஒரு நாளில் வருவதில்லை. ஹெச்.பி.வி. என்கிற வைரஸ் உள்ளே போய், பல வருஷம் கழித்துத்தான் புற்றாக மாறும். புற்றாவதற்கு முன்னாலேயே அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். இன்னொன்று, இந்த வைரஸ் தாம்பத்தியம் மூலமாக வருகிறது என்று கேட்டவுடனே 'அப்போ அவ எப்படிப்பட்டவ' என்று பேசும் வாய்கள் இருக்கின்றன. கல்யாணமான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது ஒரு தடவை வந்து, தானாகவே போகிற வைரஸ் அது. சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனை, அங்கே சதை எடுத்துப் பரிசோதனை, அங்கிருந்து புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிற பெரிய மருத்துவமனை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி இரண்டரை மணி நேரம். நோய் முற்றின நிலை, ஆபரேஷன் வேண்டாம், கரண்ட்டும் ஊசியும் கொடுக்கலாம் என்றார்கள். கரண்ட் வைக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அது கதிர்வீச்சு. அம்மா அந்தப் பேச்சைக் கேட்டே நடுங்கிப்போனார், ஷாக் அடிக்கும் என்று. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி படுக்க வைத்து, சில நிமிஷத்தில் எழுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வலி இருக்காது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். வாரம் ஒரு தடவை டிரிப்ஸில் கீமோ மருந்து. அது முடிந்து உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு சில தடவை. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் நாள் தள்ளிப்போனால் மருந்தின் பலன் குறையும் என்று முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் எப்படி ஏற்பாடு செய்தோம் தெரியுமா? ஏற்பாடே செய்யவில்லை. நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் ஊரில் விவசாயம். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி. நாங்கள் இந்த வேலை. யார் கூடப் போவது என்று ஒருத்தரும் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அம்மாவோடு பஸ் ஏறியது அண்ணி. மறுநாளும் அண்ணி. அதற்கு மறுநாளும். மருமகள்தானே, வீட்டில்தானே இருக்கிறாள் என்று எல்லோர் மனசிலும் ஒரே நினைப்பு. சமூகப்பணி படித்த எங்களுக்கும் அதே நினைப்புதான்.

அந்த அண்ணி 'வீட்டில்தானே' இருந்தாரா? இரண்டு கறவை மாடு. விடிகாலை நாலு மணிக்குப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அது நின்றுபோனது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. குழுவில் மாட்டுக்கடன் பாக்கி. ராத்திரி எட்டு மணிக்கு வந்து உலை வைக்க வேண்டும். மருத்துவமனையில் டோக்கன் வரிசை, ரத்தப் பரிசோதனை வரிசை, மருந்து வரிசை. அம்மாவை எங்கே உட்கார வைத்துவிட்டு வரிசையில் நிற்பது? அம்மாவுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு. பஸ்ஸில் போகும்போதே அடக்க முடியாமல் போய்விடும். மாற்றுப் புடவையும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் அண்ணி கிளம்பியதே இல்லை.

மூன்றாவது வாரம் அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படுத்தவர் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் நடவு என்று சொன்னார். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் ஒரு பயிற்சியில் இருந்தோம், போனை எடுக்கவே இல்லை. இரண்டு நாள் அம்மாவுக்குச் சிகிச்சை போனது. மூன்றாம் நாள் நாங்கள் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் கோபப்பட்டார். 'ஆள் இல்லைன்னு பாதியில நிறுத்திட்டுப் போறவங்க இங்க எவ்வளவு பேர் தெரியுமா' என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி அண்ணியைப் பார்க்கப் போனோம். சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நாங்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் 'ஏன் அண்ணி, முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்றோம். எவ்வளவு அபத்தமான கேள்வி பாருங்கள். அவர் எங்களைத் திட்டவில்லை. 'அத்தைக்குச் செய்யறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்கும் ஒரு முதுகு இருக்கு, பாப்பா' என்றார். அப்புறம்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. ஒரு மாட்டை விற்றுவிட்டிருந்தார். குழுவில் தவணை நின்றுபோய் அபராதம் கட்டியிருந்தார். ஆமாம், அதே அபராதம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரவழைத்தோம். எல்லோரும் உட்கார்ந்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, குழுவில் தீர்மானம் எழுதுகிற மாதிரியே தேதி போட்டு, வந்திருந்தவர் பேரெல்லாம் எழுதி ஆரம்பித்தோம். அண்ணனுக்குச் சிரிப்பு. 'வீட்டுக்குள்ள என்னம்மா மினிட் புக்' என்றார். பரவாயில்லை, சிரிக்கட்டும் என்று எழுதினோம்.

எழுத ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்தார். 'என்னைப் பத்திதானே பேசறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?' என்றார்.

நாங்கள் அதுவரை அம்மாவிடம் நோயின் பேரையே சொல்லவில்லை. அண்ணன்தான் சொல்லக்கூடாது என்றார், கேட்டால் தாங்க மாட்டாங்க என்று. நாங்களும் தலையாட்டினோம். வயிற்றில் சின்னக் கட்டி என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 'ஆஸ்பத்திரி வாசல்ல இவ்வளவு பெருசா போர்டு வெச்சிருக்கான். முதல் நாளே எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன். நீங்க சொல்லாததால நானும் கேக்கல. பதினெட்டு நாளா யார்கிட்டயும் பேச முடியாம இருக்கேன்' என்றார். யாரிடம் எதைச் சொல்வது என்பது ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு ஆளையும் பொறுத்தது, நாங்கள் சட்டம் போட வரவில்லை. ஆனால் தாங்க மாட்டாங்க என்று நாம் சொல்வது பல நேரம் நம்மைப் பற்றித்தான்.

அம்மாவே அன்றைய கூட்டத்துக்குத் தலைமை மாதிரி ஆகிவிட்டார். அவர் சொன்னது மூன்று விஷயம். குளிப்பாட்டி, துணி மாற்றிவிடுவது அண்ணியோ நாங்களோ மட்டும்தான், சொந்தக்காரங்க யாரும் வேண்டாம். திருப்பூருக்கு வரமாட்டேன், என் வீட்டில்தான் இருப்பேன். என் தோட்டைக் கேட்காமல் அடகு வைக்கக்கூடாது. மூன்றையும் அப்படியே எழுதினோம்.

பிறகு வேலையைப் பிரித்தோம். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண் துணையை விடமாட்டார்கள். அதைக் காரணம் சொல்லியே அண்ணனும் தம்பியும் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். சரி, வார்டுக்குள் வரவேண்டாம், பகலில் வரிசையில் நிற்கலாமே? டோக்கன், ரத்த ரிப்போர்ட், மருந்து, காப்பீட்டுக் காகிதம், இது எல்லாம் ஆண்கள் வேலை என்று ஆனது. தம்பி மாதம் ஒரு வாரம் வந்து அதைச் செய்தார், மற்ற வாரங்களுக்கு மாதம் நாலாயிரம் அனுப்பினார். கீமோ கொடுக்கிற வெள்ளிக்கிழமையும் அன்று ராத்திரியும் எங்களுடையது. அதற்கு ஆபீசில் எழுதிக்கொடுத்து லீவு வாங்கினோம். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம், பஸ் அலைச்சல் நின்றது. சித்தி செவ்வாய், புதன் வந்து அம்மாவோடு தங்கினார். அண்ணன் பால் கறந்து ஊற்றி, பிள்ளைகளுக்குச் சமைத்தார். முதல் வாரம் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று பிள்ளைகள் போனில் அழுதார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள், அல்லது அவர் கற்றுக்கொண்டார். அண்ணிக்கு வாரத்தில் இரண்டு நாள் முழுசாக ஓய்வு என்று எழுதினோம். ஓய்வு என்றால் வயல் வேலை இல்லை, படுத்திருப்பது. அதற்கும் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

செலவையும் அதே நோட்டில் எழுதினோம். சிகிச்சைக்கு நாங்கள் காசு கட்டவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வந்துவிட்டது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்து, 2012-ல் இந்தப் பேருக்கு மாறிய திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. கதிர்வீச்சு, கீமோ, புற்றுநோய் ஆபரேஷன் எல்லாம் அதில் இருக்கிறது. அரசு மருத்துவமனை மட்டுமில்லை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லாத எண். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது, எங்களுக்கு அங்கேதான் பத்து நாள் போனது. அம்மாவின் பேர் எந்த ரேஷன் அட்டையிலும் சரியாக இல்லை. அண்ணன் தனி அட்டை வாங்கியபோது அம்மா பேரை விட்டுவிட்டார்கள், பழைய அட்டை அப்பா பேரில் இருந்து, அவர் இறந்தபிறகு யாரும் கவனிக்கவில்லை. தாலுகா ஆபீசுக்கும் ஊருக்கும் அலைந்து பேரைச் சேர்த்து, வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் கார்டு போடுவதற்குள் இரண்டு ஸ்கேனுக்கு வெளியே கைக்காசு கொடுக்கும்படி ஆகிவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, மாமியார், மாமனார் பேர் எதில் இருக்கிறது? நோய் வந்தபிறகு தேடாதீர்கள்.

காப்பீடு கொடுக்காதது எவ்வளவு தெரியுமா? பஸ், அறை வாடகை, சாப்பாடு, இளநீர், மாற்றுத் துணி, போன கூலி. எங்கள் நோட்டில் அந்த எட்டு வாரத்துக்குக் கூட்டினால் முப்பத்தோராயிரத்துச் சொச்சம், விற்ற மாடு தனி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை, ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். தூரத்து பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். ரயில் வசதி இருக்கிற ஊர்க்காரர்கள் கவனியுங்கள். சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது, கூடப்போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கென்று படிவம் வாங்கி டாக்டர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். எங்களுக்கு ரயில் பாதை இல்லை, அதனால் பயன்படவில்லை.

பார்த்துக்கொள்கிற வேலையில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சிலது. கதிர்வீச்சுக்காக உடம்பில் மை வைத்துக் கோடு போடுவார்கள், அதைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். தளர்ந்த பருத்தித் துணிதான் நல்லது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது கீரையும் காரமும் நிறுத்தி, கஞ்சியும் மோரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் கொடுத்தோம். கீமோ நடக்கிற சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும், சின்னத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகிவிடும். எங்களுக்கு ஒரு ராத்திரி அப்படி ஆனது, 108-ஐக் கூப்பிட்டோம்.

தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். அம்மாவுக்குச் சோறு இறங்காத நாட்களில் சின்னப் பேத்தி தன் தட்டிலிருந்து ஊட்டினால் நாலு வாய் போகும். நாட்டு மருந்து கதையும் வந்தது. கரண்ட்டை நிறுத்திவிட்டு மலையில் ஒருத்தரிடம் கூட்டிப் போகலாம் என்று அண்ணன் இரண்டு நாள் தூங்காமல் இருந்தார். போகலாமா வேண்டாமா என்று நோட்டில் எழுதி, டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்து வேண்டாம் என்று அடித்தோம்.

சிகிச்சை முடிந்தது. இரண்டு வருஷம் அம்மா நன்றாக இருந்தார். கடலை பறிக்கப் போனார். 2024 ஐப்பசியில் இடுப்பில் வலி, ஒரு கால் வீங்கியது. நோய் திரும்பிவிட்டது. இந்தத் தடவை குணப்படுத்த முடியாது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இந்தத் தடவை முதல் நாளே நோட்டை எடுத்தோம். அம்மா பழைய மூன்று விஷயத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாலாவதாக ஒன்று சேர்த்தார்: ஆஸ்பத்திரியில் சாக விடாதீங்க.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அது போதை மருந்து, பழக்கமாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தி, முதல் வாரம் வலி தாங்க முடியாதபோது மட்டும் கொடுத்தோம். அம்மா துடித்தார். அப்புறம்தான் நர்ஸ் சொன்னார், டாக்டர் எழுதின அளவை, எழுதின நேரத்துக்கு, வலி வருவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும் என்று. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மாத்திரை தருவார்கள். அப்படிக் கொடுத்தபிறகு அம்மா உட்கார்ந்து எங்களோடு டிவி பார்த்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அதில் ஊர் ஊராகப் போகிற பெண் தன்னார்வலர்கள் பல பேர் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். இங்கேயும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் படுக்கையில் யாராவது இருந்தால் அவர்களிடம் பேர் கொடுங்கள்.

இரண்டு மாதம் ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பார்த்தோம். தம்பி கடைசி இருபது நாள் கம்பெனிக்குப் போகவில்லை. புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது அண்ணனும் தம்பியும்தான், ஆண்கள் கை வலுவாக இருந்தது. 2025 தை மாதம் ஒரு விடிகாலை அம்மா வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். அப்போது பக்கத்தில் இருந்தது அண்ணன். அந்த ராத்திரி அண்ணியின் ஓய்வு நாள். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கலாமே என்று அவருக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்த இரண்டாவது தடவையில் அண்ணியின் குழு வேறு மாதிரி நடந்துகொண்டது. அவர் போய்க் கேட்கவில்லை, ஊக்குநர் தானாகவே கூட்டத்தில் பேச்சை எடுத்தார். மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும், கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் இல்லை, சேமிப்பை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வோம் என்று தீர்மானம் போட்டார்கள். வங்கிக்கடன் தவணையைத் தள்ள முடியாது, அதனால் அந்தத் தொகையைக் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடனாகக் கொடுத்துக் கட்டினார்கள். அண்ணி மீதியை ஆவணிக்குள் அடைத்துவிட்டார். அந்த மாடு நின்றது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். அப்பாவுக்குத் துணை இருந்த அந்தச் சகோதரியிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே பேசுகிறோம். அவர் அபராதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, 'எனக்கு அடுத்து வர்றவங்களுக்காவது ஏதாவது செய்யுங்க' என்கிறார். விதியை எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் குழு நிற்காது, அது எங்களுக்கும் தெரியும். யார் உண்மையாகத் துணைக்கு இருக்கிறார்கள், யார் சாக்குச் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று பின்னாலிருந்து கேட்கிறீர்கள், காதில் விழுகிறது. மருத்துவமனை சீட்டு இருக்கும், ஊர்க்கண் இருக்கும், பக்கத்து வீடு இருக்கும். நமக்குத் தெரியாமல் ஒரு ஊரில் ஒருத்தர் எட்டு வாரம் படுத்திருக்க முடியுமா?

தீர்மானத்தின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறோம். 'உறுப்பினர் ஒருவர் தம்முடைய பெற்றோருக்கோ, கணவரின் பெற்றோருக்கோ, கணவருக்கோ, பிள்ளைக்கோ புற்றுநோய் போன்ற நீண்ட சிகிச்சையில் துணையாக இருக்கும் காலத்தில் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் இல்லை. உள்கடனுக்கு வட்டி மட்டும் செலுத்தினால் போதும்.' எத்தனை மாதம் வரைக்கும் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். அது எங்கள் வேலை இல்லை, உங்கள் பணம், நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். நோட்டும் பேனாவும் தலைவியம்மாவிடம் இருக்கிறது.

வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை. ஆட்டோ காலை ஒன்பது மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நிற்கும். உங்கள் பேரோடு உங்கள் அம்மா, மாமியார் பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.